எடுக்க வராத செருப்புகள்

பெருமழை பெய்து ஏரிகள் உடைந்து நகரமே இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற வருடம் போய், சேறெல்லாம் காய்ந்து புழுதியாகிப் பறந்த மறுவருடத்திலிருந்து, அந்த நகரத்தில் யாராவது யாருக்காவது கெடுதல் செய்தால் செய்தவருடைய செருப்பு அந்த இடத்தைவிட்டு எழும்பாது என்று ஆகிவிட்டது. ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கும் தண்ணீரில் எதுவோ ஊறி மேலே வந்துவிட்டது என்ற பதிலே போதுமாக இருந்தது, ஏனென்றால் விடிந்தால் குடிநீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்க ஓட வேண்டிய ஜனங்களுக்கு அதற்கு மேல் காரணம் தேட ஏது நேரம்.

டிராம் செட்டுத் தெருவில் முதல் செருப்பு அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றது. பால்வாடி டீச்சர் ரமணியின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடிய இடம் அது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, ஓடுகிற வேகத்தில் கழன்றதுபோல ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. கடப்பாரை போட்டார்கள், தார் பெயர்ந்ததே தவிர செருப்பு பெயரவில்லை. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த இளவெயினி, பெரியவர்களின் முழங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து, "இது எட்டியப்பன் அண்ணன் செருப்பு, இடது வாருல ஊக்கு குத்தியிருக்கு பாருங்க" என்றாள். அவ்வளவுதான். பரோட்டாக் கடை வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்த எட்டியப்பனைத் தெருவே போய் இழுத்து வந்தது. சங்கிலி அவனிடம் இல்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை. செருப்பே சொல்லுதே, அப்புறம் என்ன பேச்சு என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், அடித்தார்கள், அவனுடைய இடது கால் அதன் பிறகு நேராகவே இல்லை, ஒரு நாள் தெருவைவிட்டே போய்விட்டான். வெயினியின் தாய்மாமன் குணாளன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எங்க ஊட்டு போலீஸுபா இது" என்று தெருமுனை வரைக்கும் நடந்தார். அந்த உயரத்திலிருந்து தெரு அவளுக்கு நியாயமான இடமாகத் தெரிந்தது.

அதன் பிறகு நகரம் செருப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டது. முதல் சில வருடங்கள் எல்லாம் தெருச் செருப்புகள்தான், பஸ் ஸ்டாப்பில், ரயில்வே கேட்டில், திருவிழாக் கூட்டம் கலைந்த மைதானத்தில், குதிகால் தேய்ந்த ரப்பரும் டயர் வெட்டித் தைத்த தோலுமாக. பிறகு பைக்கில் வந்து பறிப்பவர்கள் பெருகியபோது நாடா கட்டிய ஷூக்கள், சிக்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக. பிறகு பூட்டிய வீடுகளின் வாசலில், ஓரமாக, ஒழுங்காக, ஏனென்றால் திருட வந்தவனும் இந்த ஊர்க்காரன்தானே, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனான். ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். ஆட்டோக்காரரிடம் "ரெண்டு சிவப்புச் செருப்பு தாண்டி லெஃப்ட்ல போப்பா" என்று வழி சொன்னார்கள். வீட்டு புரோக்கர்கள் "செருப்பே இல்லாத தெரு சார்" என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள். கோலம் போடுகிறவர்கள் செருப்பைச் சுற்றிப் புள்ளி வைத்தார்கள். மாநகராட்சி புதுசாகத் தார் போட்டபோது செருப்புகள் புதுத் தாரின் மேல் ஏறி, பழைய இடத்திலேயே, தூசி தட்டினது போல நின்றன.

போலீசுக்கும் வேலை சுலபமாயிற்று, செய்தவன் காலில் வேறு செருப்பும் தங்காது, வெறுங்காலோடு போகிறவனைப் பிடித்தால் போதும். அதில்தான் ஒரு சிக்கல். கோயிலுக்கு மாலை போட்டு வெறுங்காலோடு நடந்தவர்களை வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள், ஊரே திரண்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தது, மாலை போட்டவர்களை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு வந்த மறுவாரத்திலிருந்து நகரத்தில் பக்தி பெருகியது. எந்த மாதத்திலும் மாலை விற்றது. பெட்ரோல் பங்கில், டாஸ்மாக் வாசலில், அடகுக் கடைப் படியில் எல்லாம் சாமிகள் நின்றார்கள், கான்ஸ்டபிள்கள் அவர்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அப்புறம், யாரும் கவனிக்காமல், தெருக்கள் காலியாகத் தொடங்கின. வெயிலில் நின்று சங்கிலி அறுப்பானேன், உட்கார்ந்த இடத்திலிருந்து போன் போட்டால் போதும் என்று ஆகிவிட்டபோது, செருப்புகள் முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து வந்தன. ரிட்டயரான தம்பதிகள் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தால், கம்பளி வைத்த குளிர்தேசத்துச் செருப்பு நிற்கும், லாட்ஜ் அறையின் வெள்ளைத் துணிச் செருப்பு நிற்கும், எந்த மாநிலத்துச் செம்மண்ணோ ஒட்டியிருக்கும். முகம் தெரியாதவனின் செருப்பைப் பார்த்து அவர்கள் என்ன செய்வார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கும் பின்னால் வந்ததுதான் கடைசி வகை. அது வந்ததே தெரியாது, ஏனென்றால் அது வீட்டுச் செருப்பு, வீட்டு வாசலில்தான் கிடக்க வேண்டிய செருப்பு, மகனுடையது, மருமகனுடையது, கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவருடையது. காலையில் பெருக்கும்போது துடைப்பம் பட்டும் நகராவிட்டால்தான் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் அவள் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். எதிர்வீட்டு லீலாவதி தன் புருஷன் செருப்பின் மேல் ஒரு துளசித் தொட்டியைத் தூக்கி வைத்தாள். வசதி உள்ளவர்கள் கதவு வைத்த செருப்பு அலமாரி வாங்கி அதன் மேலேயே நிறுத்தி மறைத்தார்கள். யாராவது கேட்டால், "அது எங்க ஊட்டு செருப்பு, உங்களுக்கு இன்னா" என்றார்கள்.

இந்த நிலைமையில்தான் நகரத்தின் பெரிய காவல் அதிகாரி மேடை போட்டு, பலூன் பறக்கவிட்டு, பத்து வருடத்தில் குற்றம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று அறிவித்தார். கணக்கு உண்மைதான். தெருவில் கிடந்ததை மட்டும் எண்ணியிருந்தார்கள். வாசற்படியில் கிடந்ததை வீட்டு உபயோகப் பொருட்கள் என்று தள்ளிவிட்டார்கள்.

இளவெயினி அப்போது பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் வருடம். பத்து வருடத்தில் நகரத்தின் குற்றங்கள் எப்படி மாறின என்பதுதான் அவள் ஆய்வேடு. ஒரு பேச்சு கிடைத்தால் விடமாட்டாள், கேன்டீனில் டீ ஆறிப்போகும் வரைக்கும் வாதாடுவாள், தோழிகள் அவளுக்கு அப்பீல் கோர்ட்டு என்று பேர் வைத்திருந்தார்கள்.

"குத்தம் குறையல சார், வீட்டுக்குள்ள போயிருக்கு" என்றாள் நெறியாளரிடம்.

"எண்ணாததை நாம எண்ணக் கூடாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"எண்ணாதவங்க வச்ச முறைதானே சார் அது."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவள் வாசல் வாசலாக இறங்கினாள். துளசித் தொட்டியை நகர்த்தச் சொன்னாள், அலமாரியைத் திறக்கச் சொன்னாள், திட்டு வாங்கினாள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு செருப்பையும் விரலால் தொட்டு அசைகிறதா என்று பார்த்தாள். தன் வீட்டு வாசலில் மட்டும் பார்க்கவில்லை. அங்கே கிடந்தது மாமாவின் செருப்பு, மாமா பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டு வெறுங்காலோடு இருந்தார், கழற்றின செருப்பைத் தன் அக்கா வீடுதானே என்று அங்கேயே விட்டிருந்தார். அதில் பார்க்க என்ன இருக்கிறது.

குணாளன் மாமாவுக்குத் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்த, பட்டா எடுக்க, பென்ஷனுக்கு எழுத, காஸ் மானியம் ஏன் வரவில்லை என்று பார்க்க, தெருவில் உள்ள அத்தனை பேரும் அவர் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். வெயினியின் அப்பா போனதிலிருந்து அம்மா தவமணிக்கும் இரண்டு பெண்களுக்கும் அவர்தான் எல்லாம். மூத்தவள் பொற்கொடி செருப்புக் கடையில் வேலை பார்த்தாள், நாள் முழுக்க வந்தவர் காலடியில் குந்தி ஷூ மாட்டிவிடுகிற வேலை. அந்தச் சம்பளமும் மாமாவின் கையும் சேர்ந்துதான் வெயினியைப் படிக்க வைத்தன. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு சாப்பிட்டு முடித்த கையோடு, மாமா பையிலிருந்து கைரேகை மெஷினை எடுத்து, "கடையில வந்து கால் கடுக்க நிக்காத கண்ணு, இங்கியே வச்சுடு" என்று பொற்கொடியின் கட்டைவிரலை அதில் வைத்து அமுக்கினார். காஸ் மானியத்துக்கு என்றார். அவள் கையில் மீன் வாசனை போகவில்லை என்று சிரித்தாள். அன்று சாயங்காலமே அவர் மாலை போட்டுக்கொண்டார்.

ஐந்தாறு வாரம் கழித்து, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வடக்கே ஏதோ ஒரு மாநிலத்திலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளூர் ஸ்டேஷன் ரைட்டரோடு வந்தார்கள். அவர்கள் இந்தியில் பேச, ரைட்டர் பாதி பாதியாகத் தமிழில் சொன்னார். அங்கே ஒரு கிழவரை போனிலேயே மிரட்டி, அவர் சேர்த்து வைத்ததையெல்லாம் உருவியிருக்கிறார்கள். உருவினது போய் விழுந்த வங்கிக் கணக்கு பொற்கொடி பேரில் இருக்கிறது. அவள் கைரேகை வைத்துத் திறந்த கணக்கு.

"எனக்கு அந்த பேங்க் எங்க கீதுன்னே தெரியாது சார்" என்றாள் பொற்கொடி.

"அத அங்க வந்து சொல்லு. சாயங்காலம் ரயிலு. நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துடு, நாங்க வந்து கூப்புட்டா தெருவுல அசிங்கம்" என்றார் ரைட்டர், ஏதோ உதவி செய்கிற குரலில்.

அவர்கள் போன பிறகு வெயினி வாசலில் வந்து நின்றாள். யார் மேல் என்று தெரியாத கோபம், காலுக்கு முன்னால் கிடந்ததை ஓங்கி உதைத்தாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுபோல வலித்தது. மாமாவின் பழுப்புத் தோல் செருப்பு இருந்த இடத்தில் இருந்தது.

குனிந்து இரண்டு கையாலும் இழுத்தாள். நகரம் முழுக்க எத்தனையோ வாசலில் தொட்டுப் பார்த்த அதே இறுக்கம்.

"வராது" என்றாள் பொற்கொடி, பின்னாலிருந்து. "அவரு மாலை போட்ட மறுநாளே பெருக்கும்போது பாத்தேன். நான்தான் எங்க கடையில வாங்கிக் குடுத்தது. இடது கால் தளரும்னு உள்ள ஒரு தோலு ஒட்டிக் குடுத்தேன், கீது பாரு."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"இன்னா பண்ணாருன்னு தெரியல. அவரே வந்து சொல்லுவாருன்னு இருந்தேன்."

அம்மா உள்ளே போன் பேசிக்கொண்டிருந்தாள், தம்பியிடம்தான், மெதுவான குரலில்.

மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். தெரு நலச் சங்கத் தலைவர் ஜம்புலிங்கம், ரமணி டீச்சர், இன்னும் பக்கத்து வீடுகளிலிருந்து ஐந்தாறு பேர், நடுவில் குணாளன் மாமா, காவி வேட்டியும் துளசிமணி மாலையும் வெறுங்காலுமாக. மாமாவைத் தவிர எல்லோரும் வாசலில் செருப்பை விட்டார்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறி மாமாவின் செருப்பே தெரியாமல் மறைந்துபோயிற்று. உள்ளே பாய் விரித்தார்கள். அம்மா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள்.

"சாமி என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு" என்று ஆரம்பித்தார் ஜம்புலிங்கம். "யாரோ ரெண்டு பசங்க, கணக்கு ஒண்ணு தொறந்து குடு, கமிஷன் தரேன்னுருக்கானுங்க. இவருக்கு உள்விவரம் தெரியாது. ஏமாந்துட்டாரு."

"ஏமாந்தவரு ஏன் என் அக்கா விரல வச்சாரு? அவரு விரல வச்சிருக்கலாமே" என்றாள் வெயினி.

"வெயினி, பெரியவங்க பேசினு இருக்கோம்."

"மாலை எதுக்குப் போட்டாரு? தெரியாம செஞ்சவருக்கு வெறுங்கால மறைக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

மாமா தரையைப் பார்த்தபடி, "கண்ணு, உன்ன தோள்ல தூக்கினு போனவன்மா நானு" என்றார்.

"ஆமா மாமா. எதுக்குத் தூக்குனீங்கன்னும் ஞாபகம் இருக்கு."

ரமணி டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். "செருப்பு அங்க இருந்தா உடனே அவருதான்னு ஆயிடுமா? சொந்த அக்கா வீடு. நம்ம செருப்பு நம்ம வாசல்ல இருக்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்."

"எட்டியப்பன் செருப்பு அடிபம்பாண்ட இருந்ததுக்கு எத்தன காரணம் இருந்துச்சு டீச்சர்?"

"அவன் திருடன்டி."

"திருடன்னு எப்படித் தெரிஞ்சுது? செருப்பப் பாத்துதானே. உங்க சங்கிலிக்கு ஒரு ஊக்கு போதும், எங்கக்காவுக்கு மட்டும் போதாதா?"

யாரோ விசிறிக்கொண்டிருந்த பேப்பர் நின்றது. ஜம்புலிங்கம் குரலைத் தணித்தார். "சரி, உன் வழிக்கே வரேன். இவரு உள்ள போனாருன்னு வை, தெருவுல பாதிப் பேரு பென்ஷன் நின்னுடும், கார்டு நின்னுடும், நாளைக்கு யாராண்ட போவோம்? அதுவுமில்லாம நம்ம தெரு பேரு. பத்து வருஷத்துல புதுசா ஒரு செருப்பு விழாத தெருன்னு போன மாசம்தான் கேடயம் குடுத்தாங்க. பொற்கொடி போனா அது வேற. அவ கணக்கு, அவளுக்கே தெரியாதுன்னு சொல்லப் போறா, உண்மையும் அதான். பொம்பளப் புள்ள. ஜாமீன் ஆயிடும்."

"யாரு சொன்னது ஆயிடும்னு?"

"நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

வெயினி திரும்பிப் பார்த்தாள். அம்மா மோர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள். "அவன் இல்லன்னா உங்க ரெண்டு பேரையும் நான் எங்க வச்சுக் காப்பாத்தியிருப்பேன்? பத்து நாளு. போய்ட்டு வந்துடுவா. அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி."

அம்மா இதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. பொற்கொடிக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கிற அதே குரலில்தான் சொன்னாள். நகரத்தில் இத்தனை வாசலில் நின்று, தொட்டியை நகர்த்தச் சொல்லி வாதாடிய வெயினிக்கு, எந்தப் பெண்ணும் ஏன் தொட்டியை நகர்த்தவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இனி பேசினால் அழுகைதான் வரும், அழுதால் சின்னப் பெண் என்பார்கள். அவள் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்த மௌனத்தை எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

"சரி" என்றாள் பொற்கொடி. "நானே போறேன்."

மாமா மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரமணி டீச்சர் அவள் தலையைத் தடவி, "தங்கம்டி நீ" என்றாள். பாயைச் சுருட்டினார்கள். எல்லோருக்கும் மனசு லேசாகியிருந்தது, யாரோ உத்திரத்துக்கு எந்த பஸ்ஸில் போவது என்றுகூடப் பேச ஆரம்பித்தார்கள். ஜம்புலிங்கம்தான் முதலில் வாசலுக்குப் போனார். செருப்புக்குள் காலை நுழைத்தார், பேச்சைத் தொடர்ந்தபடியே காலைத் தூக்கினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். மறுபடி நுழைத்தார், தூக்கினார். ரமணி டீச்சர் பக்கத்தில் தன் மெரூன் கலர் செருப்பைக் கால்விரலால் இடுக்கி இழுத்துப் பார்த்தாள், குனிந்து கையாலும் இழுத்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள், நுழைத்தார்கள், விட்டார்கள். யாரும் கத்தவில்லை. பத்து வருடமாகப் பார்த்த சங்கதிதானே, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. வெயில் உச்சியில் நின்றது. பங்குனி வெயிலில் தார் இளகிப் பளபளத்தது. அவர்கள் அகலமில்லாத வாசல் நிழலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, கால்விரல்களை மடக்கிக்கொண்டு நின்றார்கள். மாமா மட்டும் எதையும் இழுத்துப் பார்க்கவில்லை.

அம்மாவின் பச்சை ரப்பர் செருப்பு ஓரமாக, எப்போதும் கிடக்கிற இடத்தில் கிடந்தது. அம்மா கதவுவரை வந்தாள், அதைப் பார்த்தாள், காலை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. புடவை நுனியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

பொற்கொடி அவர்களை விலக்கிக்கொண்டு வந்து தன் செருப்பைப் போட்டாள். அது சாதாரணமாக எழும்பியது. அத்தனை கண்ணும் அந்தச் செருப்பையே பார்த்தன. அவளும் கீழே பார்த்தாள், கொஞ்ச நேரம், நாள் முழுக்க அடுத்தவர் காலையே பார்த்துப் பழகியவள் முதல் தடவையாகத் தன் காலைப் பார்ப்பதுபோல. பிறகு, "வெயினி, கூட வா. போயி நடந்தத நடந்த மாதிரி சொல்லிடலாம்" என்றாள்.

"பொற்கொடி" என்றார் ஜம்புலிங்கம். "சொன்னா எடுத்துப்பாங்கன்னு நெனைக்கிறியா? வாசச் செருப்ப அவங்க எழுதவே மாட்டாங்க."

"எழுதாங்காட்டி போவட்டும். சொன்னது நானா இருக்கணும்."

வெயினி தன் செருப்பில் காலை வைத்தாள். தூக்கியபோது ஒரு கணம் பிடித்தது, சூயிங்கம் ஒட்டியதுபோல. அத்தனை வாசலையும் எண்ணிவிட்டுத் தன் வாசலை எண்ணாமல் விட்ட பிடியா, சற்றுமுன் வாய் மூடி உட்கார்ந்த பிடியா என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா இரண்டடி முன்னால் போயிருந்தாள். வெயினி இன்னொரு தடவை இழுத்தாள். வந்துவிட்டது.

இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். அடிபம்பு ஓரத்தில் எட்டியப்பனின் நீலச் செருப்பு இன்னும் இருந்தது, ஊக்கு துருப்பிடித்து வாரோடு வாராகியிருந்தது. அவர்களைத் தடுக்க வேண்டுமென்றால் யாராவது அந்தத் தாரில் வெறுங்காலை வைக்க வேண்டும். பின்னால் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

தெருமுனை திரும்பும்போது அம்மாவின் குரல்தான் வந்தது. "வெயிலு கொளுத்துதுடி. குடையாவது எடுத்துனு போங்கடி."

அக்காவின் நடை ஒரு அடி தயங்கியது. வெயினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.